தொட்டி ஓரத்து டப்பாக்கள்

தேனாம்பேட்டை,
12-8-72

அன்புள்ள பேச்சியம்மாளுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? தைலம் தேய்க்கிறாயா? நான் சுகம்.

துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை பத்து மணிக்குத்தான் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த பழக்கத்தில் விடியுமுன்பே விழித்துவிடுகிறேன். அறையில் இருப்புக் கொள்ளாமல் அபிராமபுரம் வரை நடப்பேன். அங்கே குப்பைத் தொட்டிகளின் ஓரத்தில் பால்பவுடர் டப்பாக்கள் மூடியோடு நிற்கும். பருப்பில் எலி வாய் வைக்கிறது என்று எழுதியிருந்தாயே, உனக்காகச் சேர்க்கத் தொடங்கினேன்.

நேற்று தாயம்மா என்ற பெண் என் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சார், படிச்சவராட்டம் கீறே! என் பொழப்புல கை வெக்கிறியே?"

"தூக்கிப் போட்டதுதானேம்மா?" என்றேன்.

"தூக்கிப் போட்டா மூடி போட்டா வெப்பாங்க? வீட்டுக்காரம்மாங்க எனக்குன்னு வெக்கிறது. காயலான் கடைக்குப் போட ஒண்ணுமில்லாம அலைஞ்சிக்கினு கீறேன்."

அடுத்தவன் தூக்குச்சட்டியைத் திறந்து தின்று பிடிபடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அப்படி நின்றேன். அறைக்குக் கூட்டி வந்து, சேர்த்ததையெல்லாம் கொடுத்தேன். எதற்கென்று கேட்டாள், சொன்னேன்.

"பொஞ்சாதிக்கா? அத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா?" என்று பெரியதாக ஒன்றைப் பார்த்துத் திருப்பித் தந்தாள். ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கவலைப்படாதே, சண்டையெல்லாம் இல்லை. இனி அந்தப் பக்கம் போக மாட்டேன். காலையில் வேறெங்கே போவதென்றுதான் தெரியவில்லை.

மிளகாய்ப்பொடியும் என் பழைய போர்வையும் வேண்டும். மணியாகிவிட்டது, கிளம்புகிறேன். இன்லண்டில் பாதியோடு நிறுத்திவிடாதே, மடிப்பு வரை நிரப்பி எழுது. காலையில் கடை திறக்கும் வரை நான் அதைப் படிக்க வேண்டும்.

சண்முகசுந்தரம்