பதிவேட்டில் இரண்டு பேர்

மச்சி அன்வர்,

நீ போனபோது இந்த ஊர் மெட்ராஸ். இப்போது சென்னை என்று எழுதச் சொல்கிறார்கள். கடைக்குக் கடை ஏணி போட்டுப் பெயிண்ட் அடிக்கிறார்கள். ராயப்பேட்டையில் உங்கள் அப்பாவின் தார்ப்பாய்க் கடைப் போர்டில் மட்டும் இன்னும் மெட்ராஸ்-14.

களைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்த பத்தொன்பது நாளில்கூட இப்படி இல்லை. அப்போது வேலை இருந்தது. இளநீர் வாங்க, ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு ஓட, உன் கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறதா என்று பார்க்க. இப்போது எழுந்து சட்டை போடுவதே பெரிய காரியம்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ இறந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாண்டி பஜார் டீக்கடைக்காரர் கேட்டார்.

"இன்னா நைனா, ஒண்டியா வர்றே? கூட்டாளி எங்க?"

"ஊருக்குப் போயிருக்கான்."

"அவனுக்கு ஏது ஊரு? ராயப்பேட்டையில பொறந்து ராயப்பேட்டையிலயே கீறவனாச்சே."

சிரித்துவைத்தேன். அடையாறு நூலகத்தில் கேட்டவரிடம், உனக்கு பம்பாயில் வேலை கிடைத்துவிட்டது என்றேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். என் பொய்களில் உன் வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு உன் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். "நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுறோம், சீனு அண்ணா. அம்மி கண்டிப்பா வரச் சொன்னாங்க. கடைசியா பக்கத்துல இருந்தது நீங்கதானே. அண்ணன் என்ன பேசினான்னு கேக்கணுமாம்."

வருகிறேன் என்றேன். நாற்பதாம் நாள் விடிகாலையில் பாரிமுனை போய்த் திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

முதுகில், கடையில் மிஞ்சிய தார்ப்பாயில் நீ தைத்த கூடாரம். போனது, நாம் இரண்டு வருஷமாகப் போகலாம், போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அருவி. உனக்காகப் போனேன் என்று எழுதினால் அதுவும் பொய். உன் அம்மாவின் கேள்விக்குப் பயந்து ஓடினேன்.

மலையடிவாரத்தில் வனத்துறைச் சாவடி. காவலர் கோவிந்தனுக்கு ஐம்பது வயதிருக்கும்.

"எத்தினி பேரு?"

"நான் மட்டும்தான்."

"ஒண்டி ஆளு மேல தங்கக் கூடாதுப்பா. வழுக்கி விழுந்தா யாரு வந்து சொல்றது? கூட ஆள் இருந்தா எழுது. இல்லாட்டி அடுத்த பஸ்ஸப் புடி."

அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் ராயப்பேட்டைதான். "பின்னாடி வர்றான்," என்றேன். பதிவேட்டில் என் பெயர். அடுத்த வரியில் உன் பெயர். வயது இருபத்தைந்து.

ஏறினேன். மூங்கில், ஈரப் பாறை, மூச்சு வாங்கல். இரண்டு மணி நேரம். கூடாரத்தின் ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை சரிந்தது. பாதி சரிந்தபடியே விட்டுவிட்டேன். அருவி நீ சொன்ன அளவுக்கு உயரமில்லை. சத்தம்தான் அதிகம். எதையும் யோசிக்க விடாத சத்தம். அது போதும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்குத் தலை எண்ண கோவிந்தன் மேலே வந்தார்.

"இன்னொரு பையன் எங்க?"

அருவியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அவ்வளவுதான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். அருவி விழுந்து சுழல்கிற இடம். கையில் இருந்த கழியால் குத்திக் குத்தித் தேடினார். ஒரு தடவை கால் வழுக்கி முழுதாக முங்கினார். இருமிக்கொண்டே எழுந்தார். மறுபடியும் உள்ளே போனார்.

அப்போதுதான் கத்தினேன். "அவன் செத்துட்டான்!"

"எங்கடா விழுந்தான்? எடத்தக் காட்டு!"

"இங்க இல்லண்ணே! மெட்ராஸ்ல. மஞ்சக்காமாலை. இன்னிக்கு நாப்பதாம் நாள்."

கரையேறினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"செத்தவனையாடா தேட வுட்டே? எனக்கு ரெண்டு பொண்ணு கீதுடா, பாவி."

பாறையில் உட்கார்ந்தார். உடம்பு நடுங்கியது. என் துண்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்: "அவனைப் பெத்தவ கீறாளா?"

"இருக்காங்க."

"அப்புறம் நீ இங்க இன்னா பண்றே?"

எனக்குத் தெரியவில்லை, அன்வர். உனக்குத் தெரியுமா?

கூடாரத்தை அவரே மடித்தார். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கினோம். சாவடியில் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, "நீயே அடி," என்றார். உன் பெயர் மேல் ஒரு கோடு போட்டேன். சின்னக் கோடு. அதற்குள் கை ஓய்ந்துவிட்டது.

ஒரு வாரமாகிவிட்டது. இன்னும் உன் வீட்டுக்குப் போகவில்லை. போனால் அம்மியிடம் என்ன சொல்ல?

அந்தக் கடைசி மதியம் நீ பேசியது ஒரே ஒரு வாக்கியம். "மச்சி, இந்த ஃபேனை நிறுத்தச் சொல்லு, சத்தம் தாங்கலை." போய் நிறுத்தினேன். எதிர்க் கட்டில்காரர், "யோவ், புழுங்குது, போடுய்யா!" என்றார். அவரோடு சண்டை போட்டேன், தோற்றேன், ஃபேனைப் போட்டேன். திரும்பி வந்தபோது உனக்கு அந்தச் சத்தம் தொந்தரவாக இல்லை.

இதைக் கேட்கவா ஒரு தாய் நாற்பது நாள் காத்திருந்தார்? 'கடைசியில் அம்மி என்று கூப்பிட்டான்' என்று ஒரு வரி சேர்த்தால் என்ன கெட்டுப்போகும்? பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க அந்த வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எவ்வளவு சுலபமாக வருகிறது, தெரியுமா?

வெள்ளிக்கிழமை வருகிறேன். ஃபேனைப் பற்றிச் சொல்வேன். எதிர்க் கட்டில்காரரைப் பற்றியும் சொல்வேன். நீ அம்மியைக் கூப்பிடவில்லை என்பதை அம்மி கேட்டால் மட்டும் சொல்வேன். கேட்பார். அப்போது எழுந்து ஓட மாட்டேன், மச்சி. அவர் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.

உன் மச்சி,
மயிலாப்பூர் சீனு