மில்லிமீட்டர் மாமாவின் பாக்கி வேலை

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலையும் குளியலறைக் குழாயையும் தவிர்த்து இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சுகம்தான் என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள், பின்னால் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. படம் எடுத்தவராவது அடுப்பை அணைத்திருக்கலாம். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நீ ‘ம்’ கொட்டிக்கொண்டே துணி மடிப்பாய், கடைசியில் ‘சரிம்மா, வச்சிடட்டுமா’ என்பாய். கடிதம் படிக்கும்போது துணி மடிக்க முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் மாமாவுக்கு நினைவுக் கூட்டம் ஒருவழியாக நடந்து முடிந்தது. கார்ப் பிரியர்கள் சங்கம்தான் நடத்தியது. கூட்டத்துக்கு முன்பே உன் அப்பாவைப் பொருளாளர் ஆக்கி நெஞ்சில் ஒரு பட்டை குத்திவிட்டார்கள், மனிதர் அதை வீட்டிலும் கழற்றவில்லை, பட்டையோடு உட்கார்ந்துதான் பல் தேய்த்தார். மேடையில் பேசியவர்கள் எல்லோருமே மாமாவுக்கு மிக நெருங்கிய நண்பர்களாம். என் கூடப் பிறந்த அண்ணனுக்கு இத்தனை நெருங்கிய நண்பர்கள் இருந்தது அவர் போன பிறகுதான் எனக்கே தெரிய வந்தது. இருக்கும்போது இவர்களில் பாதிப் பேரைத் தன் கார்ப் பட்டறை வாசலிலேயே நிறுத்தி, கையில் இருக்கிற ஸ்பேனரைக் கீழே வைக்காமல் பேசி அனுப்பினவர் அவர். எதையும் அளந்து அளந்து பார்க்கிறாரே என்று அவருக்கு மில்லிமீட்டர் பட்டப்பெயர் வைத்ததும் இவர்கள்தான், கிண்டலுக்கு. இப்போது அதையே பெரிய எழுத்தில் பேனரில் போட்டிருந்தார்கள், மரியாதைக்கு.

கூட்டத்தோடு ஒரு கண்காட்சியும் வைத்தார்கள். மாமா கையால் செய்த மாடல் கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் கொண்டுவந்து காட்டலாம் என்று அறிவிப்பு. அங்கேதான் கூத்து. உன் மாமா வேலை செய்யும் விதம் உனக்குத் தெரியும்தானே. யார் வந்து எனக்கென்று தனியாக ஒரு கார் கட்டிக் கொடு என்றாலும் முதலில் கையகலத்துக்கு ஒரு மாடல் செய்து கொடுப்பார். வீட்டில் கொண்டுபோய் வை, குறை கண்டுபிடி, குறையோடு வா, அப்புறம்தான் வண்டி என்பார். வந்தவர் ஏதாவது அசட்டு ஆசையைப் பிடித்துக்கொண்டு அடம்பிடித்தால் அவரோடு வாதாடவே மாட்டார். அந்த அசட்டுத்தனத்தை அப்படியே, ஒரு மயிரிழை குறையாமல் மாடலில் செய்து கையில் கொடுத்துவிடுவார். அதைப் பார்த்ததும் வந்தவருக்கே முகம் சுருங்கிப்போகும், வேண்டாம், உங்கள் இஷ்டப்படியே கட்டுங்கள் என்று சொல்லிவிடுவார். கட்டின கார்கள் எல்லாம் ஓடித் தேய்ந்து பழையதாகி விற்றுப்போயின. வீட்டு அலமாரிகளில் தங்கியது அந்த மாடல்கள்தான். எதற்காகக் கொடுத்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் வசதியாக மறந்துபோயிற்று.

ஆகவே கண்காட்சி என்னவென்றால், ஊர்ப் பெரிய மனிதர்களின் அசட்டு ஆசைகள் எல்லாம் வெல்வெட் துணிமேல் வரிசையாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சொந்தக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பல் டாக்டருக்குப் பறவை இறக்கை மாதிரி மேலே தூக்கித் திறக்கிற கதவு வேண்டுமாம், அவர் வீட்டுக் கார் ஷெட்டோ தலை குனிந்து நுழைய வேண்டிய உயரம். மாமா கார் மாடலோடு ஷெட்டையும் செய்து கொடுத்திருந்தார், கதவு பாதி திறந்ததும் கூரையில் முட்டி நின்றுவிடும். டாக்டர் அதைக் காட்டி, எனக்காக வீட்டையும் சேர்த்தே செய்தார், அவ்வளவு பாசம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்ற அண்ணியின், அதான் உன் அத்தையின், முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

சங்கத் தலைவர் நம் டயர்க்கடைக்காரர்தான், அவர் கொண்டுவந்ததுதான் மகுடம். அவருக்குக் கார் தரையோடு தரையாக, ஒரு எலிகூட அடியில் நுழைய முடியாதபடி தாழ்வாக இருக்க வேண்டும் என்று ஆசை. மாமா அப்படியே செய்து, கூடவே மரத்தில் ஒரு குட்டி வேகத்தடையும் செய்து, காரை அதன்மேல் ஏற்றி வைத்துக் கொடுத்திருந்தார். வயிறு தடையில் உட்கார்ந்துவிட்டது, நாலு சக்கரமும் அந்தரத்தில். தலைவர் மைக்கைப் பிடித்து, வாழ்க்கையின் தடைகளுக்கு மேலே உயர்ந்து நிற்கச் சொல்லி எனக்கு ஆசான் தந்த செய்தி இது என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. அந்தச் சூட்டிலேயே ஒரு தீர்மானமும் போட்டார்கள். நாற்சந்தியில் மாமாவுக்கு நினைவுச் சின்னம், இதே மாடல், நிஜக் கார் அளவில், சிமெண்டில். உன் அப்பா பொருளாளர் என்கிற முறையில் எழுந்து நின்று வழிமொழிந்தார். வீட்டுக்கு வந்ததும் நான் பேசிய பேச்சில் பட்டை தானாகவே கழன்றுவிட்டது.

எனக்கு வயிறு எரிந்தது, குட்டி. வாழ்நாள் முழுக்க ஓடுகிற வண்டியாகவே கட்டினவர் பெயரில் ஓடாத வண்டி ஒன்று நாற்சந்தியில் காலாகாலத்துக்கும் நிற்கப்போகிறது. அத்தையைப் பேசக் கூப்பிட்டார்கள். அண்ணி எப்போதும் மேடை ஏறாதவள், அன்றைக்கு ஏறினாள். மைக் பக்கம் குனிந்து, “அந்தக் கார் மாட்டிக்கிட்டு நிக்குது. இப்படிக் கேட்டா மாட்டிக்கும்னு காட்டத்தான் அவர் அதப் பண்ணார்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். உடனே எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். டயர்க்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தம்மா சொன்னதில் எவ்வளவு ஆழம் பாருங்கள், இந்த வார்த்தைகளையே சின்னத்துக்குக் கீழே கல்லில் பொறிக்கப்போகிறோம் என்றார். திரும்பி வரும்போது காரில் அண்ணி சிரித்தாள் பார், அண்ணன் போன பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரிப்பைக் கேட்டேன். பொறிக்கட்டும், உண்மை கல்லிலாவது இருக்கட்டும் என்றாள். சிரித்து முடித்ததும் உன்னைப் பற்றிக் கேட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதமே இதற்குத்தான். நீ கடைசியாக வந்துவிட்டு உன் ஊருக்குக் கிளம்பும்போது மாமா உன் கையில் ஒரு மாடல் கொடுத்தாரே, வெளிர்நீலம், உன் உயரத்துக்கு ஏற்றபடி ஓட்டுநர் இருக்கையை மட்டும் தூக்கிச் செய்தது. அதில் யாருடைய அசட்டுத்தனமும் கிடையாது. நீ அங்கே தலையணை போட்டு உட்கார்ந்து கார் ஓட்டுகிறாய் என்று கேள்விப்பட்டு அவர் தானாகவே யோசித்துச் செய்தது, கடைசியாகச் செய்ததும் அதுதான். அப்போதே அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. முன்பக்க அச்சைப் பொருத்தும்போது ஒரு நூலளவு இடதுபக்கம் போய்விட்டதோ என்று அவருக்குச் சந்தேகம். நீயோ கொடுத்த அன்றைக்கே சூப்பர் மாமா என்று கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். குறை சொல்லு என்று கேட்கிற மனிதரிடம் சூப்பர் என்று சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம். தரையில் தள்ளிப் பார்த்தாளா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் உன்னிடம் போனில் கேட்டேன், நல்லா இருக்கும்மா என்றாய், பின்னால் துணி உதறுகிற சத்தம் கேட்டது. நீ சொன்னதை அப்படியே போய்ச் சொன்னேன். படுக்கையில் இருந்தபடி, “நல்லா இருக்கானு நான் கேக்கல. நேரா ஓடுதானு கேட்டேன்” என்றார். அதன் பிறகு அதைக் கேட்க அவருக்கு நாளில்லை.

போன தடவை வீடியோவில் பார்த்தேன், அந்தக் கார் ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது, கூரைமேல் உன் ஹேர்பேண்ட். திட்டவில்லை, இருக்கிற இடம் தெரிந்ததே என்று சந்தோஷம்தான். டயர்க்கடைக்காரர் பட்டறையை மியூசியம் ஆக்குகிறோம், சாவியைக் கொடுங்கள் என்று அண்ணியை விடாமல் நச்சரிக்கிறார். ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அது முடியாமல் பட்டறையை மூட முடியாது என்று சொல்லி அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறாள். மனிதர் அதையும் தத்துவம் என்று நினைத்துக் குறித்துக்கொண்டு போனார். பாக்கி வேலை உன் ஜன்னலில் இருக்கிறது. ஒரு பக்கமாக இழுத்தால் அவளை அனுப்பச் சொல், அச்சைக் கழற்றி நானே நிமிர்த்துகிறேன், அவர் வேலை செய்யும்போது பக்கத்திலிருந்து பிடித்துக்கொடுத்த கைதானே இது என்கிறாள். நேராக ஓடினால் உன்னிடமே இருக்கட்டும், அவள் நிம்மதியாகப் பூட்டுவாள். எதுவானாலும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், ராத்திரி தூங்கவும் மாட்டேன் என்கிறாள்.

ஆகவே கம்பளம் இல்லாத தரையாகப் பார்த்துச் சுத்தமாகக் கூட்டு. ஹேர்பேண்டை எடுத்துவிடு. பேரனை எதிர்ப்பக்கம் உட்கார வை, அவன் பாதியிலேயே பிடித்துவிடாமல் பார்த்துக்கொள். பின்னால் ஒரே விரலால் தள்ளு, கார் போகிற அழகைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, போய் எங்கே நிற்கிறது என்று பார். மாமா அப்படித்தான் பார்ப்பார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, அடுப்பை அணைத்துவிட்டுப் படம் எடு, மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், பேரன் கன்னத்தில் எனக்காக ஒரு முத்தம். நேராகவா, இடதா, வலதா, மூன்றில் ஒன்றை எழுது. நல்லா இருக்கு என்று மட்டும் எழுதாதே, அதை உன் மாமா கேட்கவே இல்லை.

ஆசிகளுடன்,
உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா