பக்கம் மாறாத படிவம்

மே, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் புத்தூர். வீட்டில் அடிபடும் பெண்களுக்கு உதவும் அலுவலகம், மாடியில். நடத்துவது மும்தாஜ் அக்கா. அவர்களுடைய வெப்சைட் படிவத்தை மாற்றித் தர வேண்டும். இப்போது 'அனுப்பு' அழுத்தினால் திரை முழுக்க, 'உங்கள் புகார் கிடைத்தது'.

"பாலக்கரையில ஒரு பொண்ணு, ராஜி. புருஷன் போனைப் புடுங்கிப் பார்த்திருக்கான், இந்த எழுத்து நிக்குது. தாடையை ஒடச்சுட்டான். இனிமே பக்கம் மாறவே கூடாதும்மா. ஒரு தடயமும் இருக்கக் கூடாது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் தாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

புதன்

காலை முழுக்க வேலை. பார்வைக்குச் சமையல் குறிப்புப் பக்கம், அடியில் ஒரு பெட்டி. பட்டனை அழுத்தினால் பக்கம் மறுபடி திறக்காமல் ஜேக்வெரி என்ற நிரல் தடுத்துவிடும். எழுதியது அஜாக்ஸ் வழியாக, திரையில் எதுவும் அசையாமல், சத்தமில்லாமல் போகும். அந்த முனையில் சர்வரில் இருக்கும் பிஹெச்பி நிரல் வாங்கிச் சேமித்து, அக்கா போனில் மணி அடிக்கும். அழுத்திய கணமே பெட்டி காலி. 'கிடைத்தது' என்று சர்வர் பதில் அனுப்புகிறது. அதைக் காட்டவில்லை. தடயம் கூடாதே.

அருமையாக ஓடுகிறது. பால் வாங்க மறந்தேன்.

வெள்ளி

புத்தூரில் அக்காவோடு இருந்தபோதே மணி. 'செல்வி, மன்னார்புரம்,' தெரு, வீட்டு எண். 'வெளிய பூட்டிட்டாரு. பெட்ரோல் வாங்கப் போயிருக்காரு.' உடனே அதே செய்தி மறுபடி. மறுபடி, பாதி வார்த்தையோடு. அக்கா போலீஸுக்குப் பேசிக்கொண்டே படியிறங்கினார். ஆட்டோ.

கதவு திறந்து கிடந்தது. பெட்ரோல் நெடி. தரையில் அவள் புருஷன் குப்புற. பின்மண்டை பிளந்து, ரத்தம் வாசல்வரை. சுவரோரம் செல்வி, புடவையெல்லாம் பெட்ரோல், கையில் அம்மிக் குழவி. அவன் கையை ஊன்றி எழப் பார்த்தான்.

"கொளுத்தாம விட மாட்டேன்டி."

செல்வி மறுபடி ஓங்கினாள். பக்கத்தில்தான் நின்றேன். பிடிக்கவில்லை. போடட்டும் என்றிருந்தது. அக்காதான் பாய்ந்து பிடித்தார்.

"போதும்மா, போதும். நாங்க வந்துட்டோம்."

சனி

காலையில் அவன் செத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் செல்வியின் கட்டிலருகே பெண் போலீஸ். பெட்ரோல் பட்ட தோலெல்லாம் சிவந்து, கண் வீங்கி.

"அழுத்தினதும் எழுதினது காணாமப் போச்சுங்க. போகலையோன்னு திரும்பத் திரும்ப அடிச்சேன். யாரும் வரமாட்டாங்கன்னுதான் குழவியை எடுத்து வச்சுக்கிட்டேன். ஆள் வராங்கன்னு தெரிஞ்சிருந்தா உள்தாழ்ப்பா போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேனே."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், சர்வர் பதில் வந்தால் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி தெரிய வைத்தேன். நாலே வரி.

முதல் தடவையே வந்து சேர்ந்துவிட்டது என்று செல்வியிடம் சொல்லவில்லை.