ஹாஜர் அண்ணி சுமந்த பை

தாஷ்கண்ட்,
மார்ச் 12, 1931

அன்புள்ள அத்தாவுக்கு மகள் மஸ்தூராவின் சலாம்.

வாய்க்கால் தூர்வாரும் நாட்களில் உங்களை உட்காரவைத்துக் கடிதம் படிக்கச் சொல்வதற்கு மன்னியுங்கள். எழுதாமலே இருந்துவிடலாம் என்று இரண்டு வாரம் பார்த்தேன், முடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாம் புது லத்தீன் எழுத்தாகிவிட்டது. பழைய அரபு எழுத்தில் எழுதினால்தான் நீங்களே படிக்க முடியும். இதை வேறொருவர் உங்களுக்குப் படித்துக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

நான் நலம். பட்டுப்புழு நிலையத்தில் எனக்கென்று ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள். கூட்டங்களில் இன்னும் வாய் திறப்பதில்லை, ஆனால் வேலையில் குறை சொல்ல யாருக்கும் இடம் வைக்கவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கூட்டுப்பண்ணையில் சேர்த்த நம் சிவப்பு மாடு தினமும் சாயங்காலம் நம் வாசலுக்கே வந்து நிற்கிறதென்று யோர்மத் அண்ணன் எழுதியிருந்தார். படித்ததும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். புழு பொரிக்கும் கூடத்துக்கு அடுப்பு இன்னும் வரவில்லை. அதனால் இந்த வருஷமும் பெண்கள்தான் முட்டைகளை உடம்புச் சூட்டில் வைத்துப் பொரிக்க வேண்டும். அதற்காக நம் பண்ணையிலிருந்து வந்த ஒன்பது பேர் பட்டியல் என் மேசைக்கு வந்தது. ஒன்பதாவது பெயர் ஹாஜர். அதைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'குளிர்ந்த உடம்பு, வேண்டாம்' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். கீழே, ஊர்ப் பெரியவர் என்று நீங்கள் வைத்த முத்திரை மோதிரத்தின் அச்சு.

அத்தா, அண்ணியின் உடம்பு குளிர்ந்ததல்ல. அன்றைக்கு முட்டைகளைக் கொன்றது நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா போய் மூன்று வருஷம். அண்ணி நம் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். தினமும் காலையில் என் தலைமுடியை நாற்பது சடையாகப் பின்னிவிடுவார். பின்னி முடிப்பதற்குள் நான் தூங்கிவிழுவேன். அந்த வசந்தத்தில் முட்டைப் பையைச் சுமப்பது அவர் முறை. பதினாலு நாள் கழுத்தில் கட்டி, சட்டைக்குள் மார்போடு வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த நீரைத் தொடக் கூடாது, அடுப்புச் சூடு படக் கூடாது, யாரோடும் சண்டை போடக் கூடாது. வெண்ணெயும் உலர்ந்த திராட்சையும் அவருக்குத்தான் முதலில். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஷராபத் அத்தை வரும்போதெல்லாம் அண்ணியின் வயிற்றைப் பார்ப்பார். அண்ணி சளைக்க மாட்டார். மார்பைத் தட்டிக் காட்டி, "வயித்துல இல்லன்னா என்னத்தே, இங்க இருக்கு பாருங்க, நாப்பதாயிரம் புள்ள. ஒன்னாவது என்னை அம்மான்னு கூப்பிடாமலா போகும்?" என்பார். அத்தையே சிரித்துவிடுவார்.

பத்தாம் நாள் நீங்களும் அண்ணனும் ஆட்களும் வாய்க்கால் மடையில் இருந்தீர்கள். உங்களுக்கு ரொட்டி சுட வேண்டும். வேறு பெண்பிள்ளை வீட்டில் இல்லை. அண்ணி பையைக் கழற்றி என் சட்டைக்குள் போட்டார். "அசையாம உக்காருடி. ரொட்டிய சுட்டு மடைக்குக் கொடுத்துட்டு ஓடி வந்துடறேன். எந்திரிச்சே, காலை ஒடிச்சிடுவேன்" என்றார்.

உட்கார்ந்துதான் இருந்தேன். அவர் ரொட்டிக் கூடையோடு போன பிறகு தெருவில், "தண்ணி விட்டாச்சு! தண்ணி விட்டாச்சு!" என்று சத்தம் கேட்டது. புதுத்தண்ணீர் வரும்போது காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி, நுரைக்கு முன்னால் ஓடுவோமே, நினைவிருக்கிறதா? அந்த வருஷமும் ஓடினேன். புளித்த மாவுபோல் பழுப்பாக நுரைத்து வந்த தண்ணீர், கரீம் வீட்டு வளைவில் என்னைப் பிடித்துக் கீழே தள்ளியது. எழுந்தபோது பை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து, அனல் தணியாத ரொட்டி அடுப்பின் வாயில் அதைத் தொங்கவிட்டேன். காய்ந்ததும் எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தேன்.

அண்ணி வந்தார். பையை வாங்கி முகர்ந்தார். புகை வாடை அடித்திருக்கும். என் தலையைப் பார்த்தார். பையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, "தலைய துவட்டு, சளி புடிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் புழு பொரித்தது. நம் வீட்டில் வெட்டிவைத்த மல்பெரிக் கிளைகள் வாசலிலேயே வாடின. ஷராபத் அத்தை ஊரெல்லாம் சொன்னார்: "புள்ளயும் பொறக்கல, புழுவும் பொரிக்கல. இவ உடம்பு என்ன கெணத்துக் கல்லா?" ஒரு வாரத்தில் அண்ணியைப் பிறந்த வீட்டுக்கு ஏற்றிப்போகக் கழுதை வந்து வாசலில் நின்றது. நீங்கள் திட்டவில்லை. "ஒம்மேல எனக்குக் கோவம் இல்லம்மா. ஆனா இந்த வீட்டுக்கு நீ ஆகமாட்டே" என்றீர்கள். அண்ணன் தலை குனிந்து நின்றார். ஏறி உட்கார்ந்த பிறகு அண்ணி என்னைக் காட்டி, "அதுக்குச் சடை பின்ன வராது, யாராவது பின்னிவிடுங்க" என்றார். அதுதான் நம் வீட்டில் அவர் கடைசியாகப் பேசியது.

முதலில் அடிக்குப் பயந்து சொல்லவில்லை. பிறகு, ஊர் முழுக்க ஏசியும் நீங்கள் என்னைப் படிக்க அனுப்பினீர்கள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே வகுப்பில் ஒரு நாள் ஆசிரியர், நனைந்த முட்டை பிழைக்குமா, சூடுபட்ட முட்டை பிழைக்குமா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். கை தூக்கவில்லை. நனைந்தது பிழைக்கும், சூடுபட்டது செத்துவிடும் என்று அவரே சொன்னார். நனைந்ததோடு நான் விட்டிருந்தால் பிழைத்திருக்கும், அத்தா.

அண்ணன் மறுமணம் செய்துகொண்டார், குழந்தைகள் இருக்கிறார்கள். அதை நான் கிளற வரவில்லை. ஆனால் வாய்க்காலுக்கு அக்கரையில், தன் தம்பி வீட்டில் இருக்கும் ஹாஜர் அண்ணியை ஒவ்வொரு வசந்தத்திலும் பெண்கள், "நெழல் படாம அந்தப் பக்கமா போ" என்கிறார்களாம். பதினேழு வருஷமாக.

பட்டியலை நான் புதிதாக எழுதிவிட்டேன். முதல் பெயர் ஹாஜர். ஏப்ரல் ஐந்தாம் தேதி முட்டைப் பெட்டியோடு நானே வருகிறேன். யார் தடுத்தாலும் முதல் பை அவர் கழுத்துக்குத்தான் போகும். இதை மாற்றச் சொல்லாதீர்கள். மாற்ற மாட்டேன். எதிரே நின்றிருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டேன் என்று உங்களுக்கே தெரியும்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். உண்மையை நான் போய்ச் சொன்னால் அண்ணி, "சின்னப் புள்ள, விடுங்க" என்று எனக்காக மறுபடியும் மூடி மறைத்துவிடுவார். ஊரும், படித்தவள் எதையோ உளறுகிறாள் என்று தள்ளிவிடும். அவரைப் போகச் சொன்னது உங்கள் குரல். அதனால் நான் வருவதற்கு முன்பே நீங்கள் அக்கரைக்குப் போங்கள். ஷராபத் அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தத் தெருவே கேட்கும்படி, "தப்பு ஒம்மேல இல்லம்மா ஹாஜர், எம் மக மேல" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், அத்தா.

உங்கள் மகள்
மஸ்தூரா