விளிம்பிலிருந்து முடிச்சு வரை

மார்ச் 3

என் அருமைக் குட்டைக்கு,

நலமா என்று கேட்டால் "நலமே" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. வேறு கேள்விகள் வைத்திருக்கிறேன்.

கவச வண்டிக்கு இருக்கை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். கவச வண்டிக்குள் ஒரு தடவைகூட ஏறியதில்லை. எங்களிடம் இருப்பது வண்டியின் ஒரு துண்டு. ஒரு சுவர், ஒரு இரும்புத் தரை, ஓர் இருக்கை. அதில் ஆளுயரப் பொம்மையை உட்கார வைத்து, கீழிருந்து தரையை இடிக்கிறோம். பொம்மைக்கு மாப்பிள்ளை என்று பெயர். உடுத்தி, தூக்கி வந்து உட்கார வைக்க நாலு பேர் வேண்டும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்.

உங்கள் பட்டாளத்து வண்டிக்குள் நீ உட்காரும் இடத்தைப் பற்றி எழுது. என்ன வாசனை? முழங்கால் எதில் இடிக்கிறது? இருக்கைக்கு அடியில் என்ன இருக்கிறது?

"அவன் நான் செஞ்ச சீட்லதாம்மா உக்காந்துருக்கான்" என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதற்கப்புறம்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.

சிடுமூஞ்சி


மார்ச் 19

அன்புள்ள சிடுமூஞ்சி அக்காவுக்கு,

நலமே.

சரி, திட்டாதே, எழுதுகிறேன்.

பின்கதவு வழியாக ஏறுகிறோம். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர், முழங்காலோடு முழங்கால். சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி எதிரெதிரே. ஜன்னல் கிடையாது. வண்டி திரும்புவதை வயிறுதான் சொல்லும். டீசல், வியர்வை, யாரோ தின்ற வெங்காயம். கதவு திறந்ததும் வெளிச்சத்தில் குதிக்க வேண்டும்.

"எந்த ஊர்டா இது?"

"மொதல்ல எறங்கு. அப்புறம் விலாசம் கேக்கலாம்." இது எங்கள் சார்ஜென்ட்.

நேற்று காட்டுப் பாதை. கிளைகள் முகத்தருகே தாழ்ந்து வந்தன. ஒன்றில் காக்கைக் கூடு. உள்ளே மூன்று முட்டை. நீலமும் பச்சையும் கலந்த நிறம், மேலே மை தெளித்த மாதிரி புள்ளிகள். தாய்க்காக்கை என் தலையைக் குறி வைத்துப் பாய்ந்தது.

இருக்கைக்கு அடியில் தண்ணீர் கேன்கள், ஒரு கால்பந்து. நடுவில் ஒரு மரப்பெட்டியும் உண்டு, அது வேறு விஷயத்துக்கு.

இப்போது என் கேள்வி. இருக்கையை ஏன் தரையில் வைக்காமல் சுவரில் தொங்கவிடுகிறீர்கள்? ஊஞ்சலா கேட்டோம் நாங்கள்?

குட்டை


ஏப்ரல் 2

தம்பி,

கண்ணிவெடி மேல் வண்டி ஏறினால் முதலில் எழும்புவது தரை. சுவரில் தொங்கும் இருக்கைக்கு அந்த அடி தாமதமாகத்தான் வந்து சேரும். வந்ததும் இருக்கை கொஞ்சம் கீழே இறங்கி அதை விழுங்கிவிடும். அது இறங்கத்தான் அந்தக் காலி இடம்.

அதில் நீங்கள் கேனை வைத்திருக்கிறீர்கள்.

நேற்று மாப்பிள்ளைக்கு அடியிலும் ஒன்றை வைத்து இடித்துப் பார்த்தோம். முதுகெலும்புக்கு என்ன ஆயிற்று என்று எழுத மாட்டேன். மேலாளர் பென்சிலைக் கீழே வைத்தார். "காலி எடத்தப் பாத்தா மனுசன் கை சும்மா இருக்காதுன்னு நமக்கு ஏன் தோணல?" என்றார்.

கேன்களை வெளியே கட்டுங்கள். காலையும் தரையில் வைக்காதே. இருக்கையோடு ஒரு கால்பட்டை தொங்கும், அதில் வை.

இனி வேறொன்று.

ஜன்னல் இல்லை என்கிறாய். மூன்று முட்டை என்கிறாய். புள்ளி வரைக்கும் சொல்கிறாய். எப்படிப் பார்த்தாய்?

அந்த மரப்பெட்டி எதற்கு?

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

கேன்களை வெளியே கட்டிவிட்டோம். "ஒங்கக்கா சொன்னா வண்டியவே கழட்டிருவியா?" என்று சார்ஜென்ட் முதலில் முறைத்தார். உன் கடிதத்தின் முதல் பாதியை வாசித்துக் காட்டினேன். அவரே கயிறு கொண்டுவந்தார். பந்து மட்டும் ஒருவன் மடியில் இருக்கிறது. மடியில் கனம் என்று நீ பயப்பட வேண்டாம், அதில் காற்றுதான்.

இது இரண்டாம் பாதிக்கு.

கூரையில் வட்டமாக ஒரு திறப்பு. ஒருவன் அதில் நெஞ்சுவரை வெளியே தெரிய நிற்க வேண்டும், துப்பாக்கியோடு. உள்ளே இருப்பவர்களுக்கு அவன்தான் ஜன்னல். காலைச் சுரண்டி, "என்னடா தெரியுது?" என்பார்கள். காக்கைக் கூடு என்றேன். மொத்த வண்டியும் "எத்தன முட்ட?" என்றது.

எனக்கு அந்தத் திறப்பு எட்டவில்லை. அதனால் பெட்டி.

உன் இருக்கையில் நான் உட்கார்ந்து மாதக்கணக்காகிறது. அம்மா சாப்பிடுகிறாள் என்று எழுதினாய். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? வேறு யாரையாவது நிறுத்தச் சொல் என்பாய். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

குட்டை


மே 6

குட்டைக்கு,

கோபம் இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

மாப்பிள்ளையை நிற்க வைத்தோம். அவருக்கு நிற்கவே வரவில்லை. அந்த இடுப்பை உட்காருவதற்கு மட்டும்தான் செய்திருக்கிறார்கள். விழுந்தார். தூக்கி நிறுத்தினோம், மறுபடி விழுந்தார். "நிக்கிறவனுக்குச் சீட்டு கேக்குறியேம்மா!" என்று மேலாளர் சிரித்தார்.

முடிவில் மேலிருந்து ஒரு பட்டை கட்டி அதில் தொங்கவிட்டேன். ஒரு காலுக்கு அடியில் மரப்பெட்டி. இன்னொரு கால் அந்தரத்தில். இடித்தோம்.

பெட்டி மேல் இருந்த கால் கணுவோடு போயிற்று. அந்தரத்தில் இருந்த காலுக்கு ஒன்றுமில்லை.

மேலாளர் குனிந்து அந்தப் பாதத்தைக் கையில் எடுத்தார். பிறகு சிரிக்கவில்லை. உங்கள் பட்டாளத்துக்கு எழுதி அனுமதி வாங்குவது இப்போது அவர் வேலை.

என் வேலை பட்டை. திறப்பின் விளிம்பில் மாட்டுவது. இடுப்பைத் தாங்கும். உனக்கு எட்டும், கால் எதிலும் படாது. அது வந்ததும் பெட்டியை அடுப்பில் வை.

நீளம் வேண்டும். விளிம்பிலிருந்து உன் இடுப்பு வரை. தாழ்ந்தால் கால் தரையைத் தொடும்; உயர்ந்தால் உன் வயிறும் வெளியே தெரியும். சரியாக அள.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பட்டை வந்து சேர்ந்ததும் நீயே சொல்.

முட்டை பொரித்ததா?

சிடுமூஞ்சி


மே 24

அக்கா,

இங்கே அளவு நாடா இல்லை. கயிறு அனுப்புகிறேன். ஒரு முனை விளிம்பு, முடிச்சு இடுப்பு. முடிச்சைப் போட்டது சார்ஜென்ட். "மூச்ச இழுத்துப் பிடிக்காதடா, ஒங்கக்கா என்னத் திட்டும்" என்றார்.

அந்தப் பாதையில் மறுபடி போகவில்லை. பொரித்திருக்கும்.

பெட்டியை எரிக்கவில்லை. பட்டை வரும்வரை அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

அளந்துகொண்டிருந்தபோது பக்கத்து வண்டியில் நிற்பவன் வந்தான். "என்ன, புதுச் சட்ட தைக்கக் குடுக்குறியா?" என்றான். மாப்பிள்ளையின் காலைப் பற்றிச் சொன்னேன். தன் வண்டிக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் ஒரு கயிறு. அப்புறம் மற்ற வண்டிக்காரர்கள்.

அதனால்தான் உறை இவ்வளவு தடிமன். ஒவ்வொன்றிலும் வண்டி எண் எழுதிய சீட்டு இருக்கும். என்னுடையதில் எதுவும் எழுதவில்லை.

இருப்பதிலேயே குட்டையானதை எடு.