ஓ நெகட்டிவ் 1

2025 ஜனவரி 12, ஞாயிறு

அப்பாவின் போனுக்குச் சார்ஜ் போட்டேன். அவர் போய் நாலு மாதம் ஆகிறது. நம்பரை விட்டுவிடலாமே என்று என் கணவர் கேட்டார். எனக்கு மனசு வரவில்லை. வாரத்துக்கு இரண்டு பேராவது இன்னமும் கூப்பிடுகிறார்கள். எல்லாம் ரத்தம் கேட்டுத்தான்.

அப்பா இரண்டு தடவை வார்டு மெம்பராக இருந்தார். ஆனால் அருமனைப் பக்கத்தில் பகவதியப்பன் என்றால் வாலிபால் கிளப்தான். முப்பத்தெட்டு வருஷம் நடத்தினார். விளையாட வருகிறவனிடம் பேரைக் கேட்கும் முன்னே ரத்த வகையைக் கேட்பார். யாருக்கு என்ன வகை என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. தலையோடு போய்விட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

கிளப் கூட்டம். மே மாதம் அப்பா பெயரில் போட்டி நடத்துகிறார்கள். என் அண்ணன் முருகதாஸ் கத்தாரிலிருந்து வீடியோவில் வந்தான். கிரவுண்டு வாசலில் அப்பாவுக்கு மார்பளவு சிலை வைக்க வேண்டும் என்றான். செயலாளர் தேவகுமார் அண்ணன் உட்பட எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, "ஒரு எடத்துல நிக்காத மனுசனையா மக்கா பிடிச்சு நிறுத்தப் போறிய?" என்றாள். சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

நான் வேலை பார்க்கும் லேபில் இருந்தபோது அப்பாவின் போன் அடித்தது. காலை பதினொன்று இருக்கும். இராஜாக்கமங்கலத்திலிருந்து ஓர் அம்மா. மகளுக்கு நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் இன்னும் ஒரு யூனிட் வேண்டும். "அண்ணன்ட்ட குடு பிள்ளே" என்றார். அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னேன். மூத்த மகளுக்கும் அவர்தான் ஆள் அனுப்பினார் என்று சொல்லி அழுதார்.

போனில் பெயர்களைத் தேடினேன். அப்பா ஒருவரைப் பெயர் சொல்லிச் சேமிக்காமல் 'ஓ நெகட்டிவ் 1' என்று வைத்திருந்தார். அதற்குக் கூப்பிட்டேன். நான் பகவதியப்பனின் மகள் சுனிதா என்றேன்.

"போன்ல அவருக்க பேரு வந்ததும் பேடிச்சுப் போனேன்" என்றது பயம் தெளியாத குரல். பிறகு, "எந்த ஆஸ்பத்திரி?"

அவ்வளவுதான் கேட்டார். வைக்கும் முன் நான்தான் பெயரைக் கேட்டேன்.

சஜின்.

எந்த சஜின்? அப்பா கிளப்பை விட்டே விலக்கிவைத்த அதே சஜின்.

பிப்ரவரி 7, வெள்ளி

தாயும் பெண் குழந்தையும் நலம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நன்றி சொல்ல சஜின் வீட்டுக்குப் போனேன். ரப்பர் வெட்டுக்குப் போகிறான். அண்ணனும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒரே அணியில் ஆடியவர்கள். 2014 இறுதிப் போட்டியில் தகராறு வந்து கூட்டம் கிரவுண்டுக்குள் பாய்ந்தது. யாரோ பின்னாலிருந்து தள்ளியதில் ரெஃப்ரி விழுந்து இரண்டு பல் போனது. கொஞ்சம் முன்னால் ரெஃப்ரியிடம் சத்தம் போட்டவன் சஜின். ஊர் முன்னால் அப்பா அவனிடம், நீயா என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்தான். இனி இந்தக் கிரவுண்டில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

விலக்கின பிறகும் அப்பா ரத்தத்துக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறார். வியாழக்கிழமை கொடுத்தது பதினெட்டாவது தடவையாம். "விளிச்சாரு, போனேன்" என்றான்.

ஏன் அன்றைக்கு அப்படிச் செய்தாய் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ? அவன் எழுந்து வெளியே போனான். டீ கொண்டுவந்த அவன் மனைவி பெர்லின் டம்ளரைக் கீழே வைத்தாள். "வேலைக்குப் போகும்போ கிரவுண்டு வழி போவாண்டாம்னு இவரு ஒரு மைல் சுத்திப் போறாரு அக்கா. செய்யாத தப்புக்கு. உங்க அண்ணன்ட்ட கேளுங்க."

டீ குடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

சாயந்திரம் அண்ணனைக் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினான். பெர்லின் சொன்னதைச் சொன்னேன்.

"தள்ளுனது நானாக்கும்" என்றான்.

அப்போது பத்து நாளில் அவனுக்குக் கத்தார் விசா. போலீஸ் கேஸ் வந்தால் பயணம் நின்றுவிடும். கூட்டத்தில் சஜின் அவன் காதில், நீ போய்ச் சேரு, நான் பார்த்துக்கிடுதேன் என்றானாம். இவனும் போய்ச் சேர்ந்தான்.

பதினோரு வருஷம்! இவன் அங்க ஃபோர்மேன், ஏசி ரூம். அவன் இங்க மரத்தடியில கொசுக்கடியில. லீவுக்கு வந்தப்பல்லாம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயத் திறந்திருக்கப்பிடாதா?

அதைவிட இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் இதை அப்பாவிடம் போனில் சொல்லியிருக்கிறான். "நீ வந்து நாலு பேருக்க முன்ன சொல்லி மாப்புக் கேளு. நான் சொன்னா அது எனக்க மாப்பாக்கும், உனக்கதில்ல" என்றாராம் அப்பா. அண்ணன் வரவில்லை. அப்பா காத்திருந்தார். காத்திருந்தபடியே போய்விட்டார்.

அப்பா, நீங்களாவது அவன் வீட்டுக்குப் போயிருக்கலாமே. மகனைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல்தானே? அதற்கு நியாயம் என்று ஒரு பேரு வேற.



மார்ச் 2, ஞாயிறு

கூட்டத்தில் சிலை வேண்டாம் என்று அண்ணனே சொன்னான். காரணம் சொல்லவில்லை, ஏப்ரல் கடைசியில் வருவதாக மட்டும் சொன்னான். நான் எழுந்தேன். வருகிற ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ரத்த வகை பார்த்து, பெயரும் நம்பரும் எழுதி வைப்போம், அதுதான் அப்பாவுக்கு நாம் செய்வது என்றேன். ஊசியைக் காட்டினால் பையன்மார் ஓடிவிடுவார்கள் என்றார் தேவகுமார் அண்ணன். நானே குத்துகிறேன், வலிக்காது என்றேன். கடைசியில் சரி என்றார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அம்மாவோடு போனேன். கடற்கரை மணலில் உட்கார்ந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடலைப் பார்த்தபடியே அவள் ஒன்று சொன்னாள். கடைசி இரண்டு வருஷமும், சஜினை ரத்தத்துக்குக் கூப்பிட்ட நாளில் அப்பா சோறு தின்னமாட்டாராம். கேட்டால் வயிறு சரியில்லை என்பாராம்.

அப்பாமேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுசாக இல்லை.

ஏப்ரல் 30, புதன்

அண்ணன் வந்தான். மெலிந்திருக்கிறான்.

மே 2, வெள்ளி

இரண்டு நாளாக அண்ணன் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. நாளைக்குப் போட்டி. சொல்லுவானா?

மே 3, சனி

காலை ஆறரைக்கே கிரவுண்டில் மேசை போட்டேன். பதினாறு அணிகள். நூற்று அறுபத்தெட்டு விரல்கள். ஆறடி உயர ஆட்டக்காரன் ஒருவன் ஊசியைப் பார்த்ததும் மயங்கிச் சரிந்தான். அவன் அணியே சிரித்தது. ஓ நெகட்டிவ் நாலு பேர் கிடைத்தார்கள்.

முதல் ஆட்டத்துக்கு முன் அப்பா படத்துக்கு மாலை போடக் கூப்பிட்டார்கள். அண்ணன் மாலையைக் கீழே வைத்துவிட்டு மைக்கை வாங்கினான்.

"பதினோரு வருஷத்துக்கு முன்ன ரெஃப்ரியைத் தள்ளுனது நானாக்கும். சஜின் இல்ல. அப்பாக்குத் தெரியும். நான் வந்து சொல்லணும்னு காத்துக் கெடந்தாரு. நான் வரல்ல."

அண்ணன் மைக்கைத் தேவகுமார் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு நேராகச் சஜின் வீட்டுக்கு நடந்தான். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றாக வந்தார்கள். இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது.

ஆனால் சஜின் ரோட்டிலேயே நின்றான். தேவகுமார் அண்ணன் போய்க் கையைப் பிடித்தார். மன்னிப்பும் கேட்டார். அவன் அசையவில்லை.

"கிரவுண்டுக்குள்ள கேறாதேன்னு சொன்னது அவராக்கும். திருப்பி விளிக்க அவரு இல்லியே" என்றான். கோபம் இல்லை அதில்.

பந்தலில் இருந்து அம்மா எழுந்தாள். முட்டு வலியோடு கிரவுண்டைக் குறுக்கே கடந்து போனாள்.

"அவரு இல்ல மக்கா. நான் இருக்கேன்லா. வா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். எல்லைக் கோட்டைத் தாண்டும் முன் செருப்பைக் கழற்றினான். நான் ஓர் ஆட்டக்காரனின் விரலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அக்கா குத்துங்க என்று அவன்தான் ஞாபகப்படுத்தினான்.

மே 4, ஞாயிறு

எங்கள் கிளப் அரையிறுதியிலேயே தோற்றது. கோப்பையைச் சஜின் கையால் கொடுத்தார்கள்.

மே 21, புதன்

அண்ணன் திரும்பிப் போனான். விமான நிலையத்துக்கு அவனைக் கொண்டுவிட்டது சஜின்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பாவின் முதலாண்டு நினைவு நாள். சஜினும் பெர்லினும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். பெர்லின் பாயசம் வைத்தாள்.

பட்டியலில் இப்போது நானூற்றுப் பன்னிரண்டு பெயர். அப்பாவுக்கு நன்றி சொல்லவேண்டியதை எழுதினால் இந்த நோட்டு போதாது. அவரிடம் சண்டை போடவேண்டியதும் ஒன்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே இனி நினைத்துக்கொள்வேன்.

ஜூலையிலிருந்து சாயந்திரம் பெண்கள் ஆடுகிறோம். பெர்லினையும் சேர்த்து ஒன்பது பேர். சொல்லிக்கொடுப்பது சஜின். சின்ன வயசில் கிரவுண்டு ஓரத்தில் நின்று பந்து பொறுக்கிப் போட்டிருக்கிறேன். உள்ளே வா என்று அப்பா கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

இன்றைக்கு ஆட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அம்மாதான் போகச் சொன்னாள். என் சர்வீஸ் வலையிலேயே இடித்து விழுந்தது. பெர்லின் சிரித்தாள். சஜின் பந்தை எடுத்துத் துடைத்து என் கையில் தந்தான்.

"இன்னும் ஒண்ணூட போடு" என்றான்.