போஷெனாவின் கையெழுத்தும் உன் வாப்பாவின் கையெழுத்தும்

ஜெர்சி சிட்டி
14 மார்ச் 2006

அருமை மகள் ஆஃபீஃபாவுக்கு உன் உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் வாப்பாவும் உடம்பளவில் சுகம். குபெர்டினோவில் நீயும் மாப்பிள்ளை ஜைதும் உன் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் ஹாலில் பேசினால் வாப்பா பெட்ரூமில் இன்னொரு போனை எடுத்துக் கேட்கிறார், க்ளிக் என்று சத்தம் வருகிறது, அதனால்தான். நீ ஒன்பது வயதில் இங்கே வந்தவள், எழுத்துக் கூட்டியாவது நீயே வாசி, மாப்பிள்ளையிடம் வாசிக்கக் கொடுக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, ஆஸ்பத்திரியில் ஒரு கட்டு ஃபார்ம் கொடுத்தார்கள் என்றாய். படித்தாயா என்றதற்கு, "யாரு உம்மா அதெல்லாம் படிப்பா, மொத்தமா சைன் பண்ணிட்டேன்" என்று சிரித்தாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கே அவர்களிடம் நகல் கேள். கொடுக்க யோசித்தால் ஏன் யோசிக்கிறார்கள் என்று கேள். ஒவ்வொரு வரியாகப் படி, புரியாத வார்த்தையை டாக்டர் வாயாலேயே சொல்லவை. உம்மாவுக்கு வயசாகிவிட்டது, எல்லார் மேலும் சந்தேகம் என்று தள்ளிவிடாதே, காரணத்தைச் சொல்கிறேன்.

போன கோடையில் நம் பில்டிங்கில் இரண்டாம் மாடிக்கு போஷெனா என்று ஒருத்தி குடிவந்தாள். செக் நாட்டுக்காரி, நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். எதிர்வீட்டு அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி வந்து, "அவ ஜிப்ஸியாம், கதவைப் பூட்டி வெச்சுக்கோங்க" என்றார். நானும் நம்பினேன். கீழே லாண்டரியில் அவள் துணி போட வந்தால், என் துணி காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காப்பேன். ஒருநாள் அவளே அரைகுறை இங்கிலீஷில், "நீ என் கையையே பாக்குற. பாரு. எங்க ஊர்லயும் எல்லாரும் பாப்பாங்க" என்றாள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மறுநாள் இடியாப்பம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாங்கள் ரோமா ஜனம், ஜிப்ஸி என்பது மற்றவர்கள் ஏசுகிற பெயர் என்று அப்போதுதான் சொன்னாள்.

இருபத்திரண்டு வயதில், அவளுடைய இரண்டாவது பிரசவத்தில், வலியில் துடித்துக்கொண்டிருந்தவளிடம் ஒரு நர்ஸ் காகிதத்தை நீட்டி, "சீக்கிரம் போடு, இல்லன்னா புள்ள செத்துரும்" என்றாளாம். போட்டுவிட்டாள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தவர்கள் கருக்குழாயையும் கட்டிவிட்டார்கள். அது தெரியாமலேயே ஆறு வருஷம் அடுத்த பிள்ளைக்குக் காத்திருந்திருக்கிறாள். ஊரில் விசாரித்தால் அவளைப் போல இன்னும் பல ரோமாப் பெண்கள். எல்லாரும் சேர்ந்து, அங்கே ஜனங்களின் குறை கேட்கும் பெரிய அதிகாரியிடம் மனுக் கொடுத்திருக்கிறார்கள். இவள் இங்கிருந்து ஒரு நோட்டரி முன்னால் சத்தியம் செய்து வாக்குமூலம் அனுப்ப வேண்டும். எழுதிக் கொடுக்கிறாயா என்று செப்டம்பரில் என்னிடம் கேட்டாள். வக்கீல் அனுப்பியிருந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் காட்டினாள். "எனக்குக் கருத்தடை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று அவள் பாஷையில் டைப் அடித்திருப்பதை வாசித்துச் சொன்னாள், கீழே அவள் கையெழுத்து கோணலாகச் சரிந்து கிடக்கிறது. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். டிஸ்சார்ஜ் அன்றைக்கு நர்ஸ் சொன்னதைச் சொன்னாள், "உன் கர்ப்பப்பை பலவீனம், இனிமே தங்காது, ஓய்வெடு." அந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது மகளே. நீ ஆபரேஷனில் பிறந்தபோது இதே வார்த்தையைத்தான் என்னிடமும் சொன்னார்கள்.

நீ பிறந்தது எழுபத்தேழு ஜனவரி, எமர்ஜென்சி சமயம். கவர்மென்ட் ஸ்கூல் வாத்தியார்களெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தூரத்துக்கு டிரான்ஸ்ஃபர் என்று உத்தரவு. உன் வாப்பா அப்போது வாத்தியார். இத்தனை வருஷம் இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. இந்த ஜனவரியில், இங்கே எனக்குப் பித்தப்பைக் கல் எடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய் ரெக்கார்ட் கேட்டேன். பிப்ரவரியில் வந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரே வரி, இரண்டு கருக்குழாய்களிலும் பழைய கட்டு தெரிகிறது என்று. அந்த டாக்டர் என்னிடம் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்.

வாப்பாவிடம் காட்டினேன். ஆபரேஷனுக்கு என்றுதான் கையெழுத்துக் கேட்டார்கள், படிக்கவில்லை என்றார். கரண்ட் பில்லை மூன்று தடவை படிக்கிற மனுஷர். மூன்றாம் நாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பிலிருந்து எழுந்திருக்காமலேயே சொன்னார், "அன்னைக்கு தெரியாது ரோஷன். ஒரு வாரம் கழிச்சு எச்.எம். கூப்பிட்டு, உங்க பேர்ல ஒரு கருத்தடை கேஸ் ஏறிடுச்சு, இனி டிரான்ஸ்ஃபர் இல்லன்னாரு. அப்பதான் புரிஞ்சுது. உங்கிட்ட சொல்ல வாய் வரல." இருபத்தொன்பது வருஷம் வரவில்லை. மதுரைக்கும் மெட்ராஸுக்கும் டாக்டர் டாக்டராக என்னோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டார் என்னை ஒற்றைப் பிள்ளைக்காரி என்று ஏசியபோதும் பக்கத்தில்தான் இருந்தார்.

போஷெனாவுக்கு டிசம்பர் கடைசியில் பதில் வந்தது. அவள் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று அதிகாரி எழுதியிருக்கிறார். கோர்ட்டுக்குப் போனால் காலம் கடந்துவிட்டது என்று தள்ளிவிடுவார்கள் என்கிறார் வக்கீல். போடுங்கள், தள்ளட்டும் என்று சொல்லிவிட்டாள். அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டும்போது சிரித்தாள். "ஒருத்தராவது எழுத்துல ஒத்துக்கிட்டாங்க" என்றாள். எனக்கு யார் ஒத்துக்கொள்வார்கள் என்று யோசித்தேன். போன வாரம் வாப்பா முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, நடந்ததை உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். மத்தியானம் லுஹரிலிருந்து சாயங்காலம் அஸர் வரை உட்கார்ந்து எழுதினார். நான் இரண்டு தடவை படித்தேன். இன்னும் எதையோ விட்டிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது, அந்தச் சந்தேகம் இனி என்னைவிட்டுப் போகுமா தெரியவில்லை. நகலை இதோடு வைத்திருக்கிறேன். அவரை வெறுக்கச் சொல்லி அனுப்பவில்லை, உன்னிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

ஏப்ரல் கடைசியில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று, தனியாகத்தான் வருகிறேன். இரும்புச் சத்து மாத்திரையை விடாதே, காரை நீ ஓட்டாதே. அல்லாஹ் உனக்கு லேசான பிரசவத்தையும் ஸாலிஹான நல்ல பிள்ளையையும் தருவானாக. இன்னும் ஒன்று. சின்ன வயதில் நீ தம்பி வேண்டும் என்று அழும்போதெல்லாம், அல்லாஹ் கொடுக்கவில்லை என்று சொல்வேன். அது அவன் செய்ததில்லை மகளே. தெரியாமல் அவன் மேல் பழி போட்டுவிட்டேன், தவ்பா செய்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீயும் அதை மனதிலிருந்து மாற்றிக்கொள்.

உன் உம்மா,
ரோஷன் பேகம்